அறுபத்து மூன்று இழைப்புளிகளும் ஒரு கதவும்

கதவு மேல்மூலையில் பிடித்துக்கொண்டது. மார்லிஸ் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு முனகிக்கொண்டே முக்கால்வாசி மூடி, அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. கீழ்த்தளத்தில் இருப்பது அந்த ஒரே குளியலறை.

"வெண்டல், இந்தக் கதவு மூட மாட்டேங்குது."

வெண்டல் டோஸ்ட்ரூட் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தபாலில் வந்த கருவி விலைப்பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எங்க பிடிக்குது?"

"மேல, கைப்பிடிப் பக்கத்து மூலையில. ரெண்டு சீவு சீவினா சரியாப் போயிடும். உன்கிட்ட இல்லாத இழைப்புளியா?"

நியாயமான கேள்விதான். மாடியில் அறுபத்து மூன்று இழைப்புளிகள் இருந்தன. நாயன்மார்களைப் போல வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடம். அதுபோக உளிகள் நூற்றுச் சொச்சம், ரம்பங்கள் இருபத்தாறு, தீட்டுக்கற்கள் எட்டு. வெண்டல் முப்பத்தொரு வருடம் மினசோட்டாவின் நார்ட்பி ஊராருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன்பு "மரவேலை பழகப் போறேன்" என்று ஆரம்பித்தார். இந்த ஆறு வருடத்தில் அவர் செய்து முடித்த சாமான் ஒன்றே ஒன்று. ஓர் இழைப்புளியை உள்ளே வைப்பதற்கான மரப்பெட்டி. இழைப்புளி அதற்குள் போகவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் எல்லாம் காரேஜில்தான் இருந்தன. குளிர்காலத்தில் இரும்பு வியர்த்துத் துருப்பிடித்தது. நிலவறைக்கு இறக்கினார். அங்கே ஈரம். மகள் கல்யாணமாகி ஃபார்கோவுக்குப் போனதும் அவளுடைய அறை காலியானது. கட்டில் காரேஜுக்குப் போனது, இழைப்புளிகள் கணப்புள்ள அறைக்கு வந்தன. மகள் கிறிஸ்துமஸுக்கு வந்தால் கூடத்து சோபாவில் படுத்துக்கொள்கிறாள். அவள் துருப்பிடிக்க மாட்டாள் என்பது வெண்டலின் கணக்கு.

"வெர்னா அக்கா அடுத்த வாரம் சனிக்கிழமை வர்றா," என்றாள் மார்லிஸ். "இடுப்பு மூட்டு மாத்தி மூணு வாரம்கூட ஆகல. மாடிப்படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆறு வாரத்துக்கு அவளுக்கு இந்தக் குளியலறைதான். கதவைத் திறந்து போட்டுக்கிட்டா அவ உக்காருவா?"

"பாத்துக்கலாம்."

"ஆறு வருஷமா நீ பாத்துக்கிட்டுத்தான் இருக்கே. டுவெய்னைக் கூப்பிடவா?"

வெண்டல் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். டுவெய்ன் அந்த ஊரில் கதவு, கூரை, குழாய் எல்லாம் பழுதுபார்க்கிறவன். திருப்புளியைச் சுத்தியலால் தட்டி உளியாகப் பயன்படுத்துகிறவன். மின்சாரத்தில் ஓடும் இழைப்பு இயந்திரம் ஒன்று வைத்திருந்தான். அது ஊளையிடும்.

"அந்த மெஷின் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"அப்ப சனிக்கிழமைக்குள்ள நீயே செஞ்சு முடி. நீ செய்யாம அவன் வந்து செஞ்சான்னா, மேல இருக்கிறதெல்லாம் எதுக்குன்னு எனக்குப் புரியல. மொத்தத்தையும் சர்ச் பழஞ்சாமான் விற்பனைக்குக் குடுத்துடுவேன்."

மார்லிஸ் சொன்னால் செய்கிறவள். ஒரு கோடை முழுவதும் ஏரியில் இறங்காத அவருடைய படகை, இரண்டு தடவை எச்சரித்துவிட்டு, மூன்றாவது தடவை பக்கத்து ஊர் பாதிரியாருக்குத் தானமாகக் கொடுத்தவள். வெண்டல் அன்று மத்தியானமே மாடிக்குப் போய், கதவை இழைக்கத் தகுந்த இழைப்புளியைத் தேடினார்.

அறுபத்து மூன்றில் ஒன்றுகூடத் தகுதியாக இல்லை. ஒன்று ரோஸ்வுட் கைப்பிடி, வியர்வை படக் கூடாது. ஒன்று செய்தவர் இறந்துவிட்டார், ஆகவே தொடக் கூடாது. ஒன்று செய்தவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் கோபக்காரர், கேள்விப்பட்டால் வருத்தப்படுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவில் பெயின்ட் அடித்திருந்தது. பெயின்ட் பட்டால் அலகின் விளிம்பு போய்விடும். மரத்தைச் சீவிவிடுமோ என்ற பயத்திலேயே பூட்டி வைக்கப்பட்ட அறுபத்து மூன்று இரும்புகளுக்கு நடுவில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

கடைசியில் ஹார்லனுக்குப் போன் போட்டார். ஹார்லன் பிடில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, கைக்கருவி நேசர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் பதினொரு பேர். மாதம் ஒருமுறை கூடுவார்கள். கூடி, பைன் கட்டையில் ஒரே ஒரு சீவல் எடுத்து, அதைக் கைமாற்றிக் கைமாற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு மெல்லிசு என்று கருவி வைத்து அளந்து நோட்டில் எழுதுவார்கள். கட்டையை யாரும் எதுவாகவும் ஆக்கியதில்லை.

"பெயின்ட் அடிச்ச கதவா?" என்றார் ஹார்லன். பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில், "வீட்ல வற்புறுத்துறாங்களா?"

"சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும்."

"அப்ப பெயின்டுக்குன்னே தனியா ஒண்ணு வாங்கிடு வெண்டல். அயோவாவுல ஒருத்தன் வச்சிருக்கான். நீட்டமான பழைய வார்ப்பிரும்பு. தனியாத் தரமாட்டான், அஞ்சு சேத்துத்தான் விப்பான். வாங்கிப் போடு, வீணாகாது."

வியாழக்கிழமை ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. தபால்காரியும் வெண்டலும் இரண்டு பக்கமும் பிடித்து, படிக்குப் படி மூச்சு வாங்கி, மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அறுபத்து மூன்று அறுபத்தெட்டானது. வெள்ளியும் சனியும் துரு நீக்கினார், எட்டுக் கற்களிலும் ஒன்று மாற்றி ஒன்று தீட்டினார். முன்கை ரோமத்தை மழித்துக் கூர்மை பார்த்தார். இரண்டு கையிலும் ரோமம் தீர்ந்த பிறகு திருப்தி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கதவைக் கழற்றிச் சாப்பாட்டு நாற்காலிகள் மேல் கிடத்தி, மேல்விளிம்பில் இழைத்தார். வெங்காயச் சருகு போல ஒரு சீவல் சுருண்டு வந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார்.

"மார்லிஸ், இதைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாரு. இது வழியா நியூஸ்பேப்பர் படிக்கலாம்."

"நியூஸ்பேப்பரை நேராவே படிக்கலாமே."

"அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல."

"அந்தக் கதவுல எவ்வளவு போகணும்?"

அதை வெண்டல் யோசிக்கவில்லை. மெல்லிசாக எடுப்பதுதான் பெருமை என்று ஆறு வருடமாகப் பழகிய கைக்கு, கனமாக எடுக்க வரவில்லை. முப்பது சீவல் எடுத்தார். அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் ஒரு கொசுவின் எடை தேறாது. கதவை மாட்டினார்கள். முன்பைவிட இறுக்கமாகப் பிடித்தது.

"நீ சீவினியா, ஒட்டினியா?" என்றாள் மார்லிஸ்.

"நாற்காலி ஆடுது. ஆடுற நாற்காலியில வச்சு யாராலயும் இழைக்க முடியாது. இதுக்குன்னு உள்ள மேசை வேணும்."

"மேல ஒரு மேசை இருக்கே."

"அது காட்சிக்கு."

விஸ்கான்சினில் கெட்டியான மேப்பிள் மரத்தில் இழைப்பு மேசைகள் செய்யும் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். ஒருவர் கால்கள் மட்டும் செய்வார், மற்றவர் பலகை மட்டும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. சங்கத்தில் அவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் நான்கு பேர். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, யாரோ வேண்டாமென்ற மேசை ஒன்று தயாராக இருந்தது. செவ்வாய்க்கிழமை லாரியில் வந்தது. நான்கு ஆட்கள் முக்கி முனகி மாடிக்கு ஏற்றினார்கள். திரும்பிப் போகும்போது ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக, மேசையோடு வந்த இரும்புப் பிடிப்பான் மட்டும் ஒரு மனிதன் கனம் இருந்தது. வெளிச்சம் நான்கு பக்கமும் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் அறையின் நடுவில் போடச் சொன்னார் வெண்டல்.

கதவு மாடிக்குப் போனது. குளியலறைக்கு மூன்று நாள் வாத்துப் படம் போட்ட பிளாஸ்டிக் திரைதான். புதன்கிழமை சர்ச்சிலிருந்து பாதிரியாரம்மா காபிக்கு வந்தார். உள்ளே போனவர், வாத்துகளுக்குப் பின்னால் நின்று பாட ஆரம்பித்தார். தான் உள்ளே இருப்பது வெளியே தெரியட்டும் என்ற எச்சரிக்கை அது. மார்லிஸ் அடுப்படியில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கதவைக் கீழே கொண்டுவந்து மாட்டினார். பிடித்தது. கழற்றி மாடிக்குக் கொண்டுபோனார், இழைத்தார், கொண்டுவந்தார். மறுபடியும் பிடித்தது. வியாழன் சாயங்காலத்துக்குள் நான்கு தடவை ஏறி இறங்கினார். காலையில் சரியாக இருந்தது சாயங்காலம் சரியாக இல்லை. வெண்டல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"என் கை சுத்தம். நிலைதான் கோணல்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மார்லிஸ். "வீடு கட்டின நாள்லேர்ந்து நேரா நிக்கிற நிலை, உன் கை பட்டா மட்டும் கோணிக்குமா?"

"அப்ப மரம் மட்டம். இந்தக் காலத்துக் கதவு. செஞ்சவன் பேரைக்கூடப் போடல."

"கதவு மூடினாப் போதும், பேரு நான் வச்சுக்கறேன். சனிக்கிழமைக்கு ரெண்டு நாள் இருக்கு."

வெண்டலுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சர்ச் நிலவறையில் மடக்கு மேசைமேல் தன் இழைப்புளிகள் கிடப்பதையும், ஒரு கிழவி வந்து "இதைக் கதவு மூடாம முட்டுக் குடுக்கலாமா?" என்று எடுத்துப் பார்ப்பதையும் மனக்கண்ணால் கண்டார். வெள்ளிக்கிழமை காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு அலகை நீட்டி வைத்து, கனமாக, வெட்கமில்லாமல் இழைத்தார். சங்கத்தார் பார்த்திருந்தால் பெயரை நீக்கியிருப்பார்கள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. மேலே ஒரு பக்கம் இரண்டு நாணயம் நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தது.

"வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது," என்றாள் மார்லிஸ்.

"மூடுதா இல்லையா?"

"மூடுது."

"அப்ப டுவெய்ன் வர வேண்டாம்."

"வேண்டாம்," என்று ஒப்புக்கொண்டாள். வெண்டலுக்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. அவள் கையில் உருளைக்கிழங்கு இருந்ததால் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை வெர்னா வந்தாள். முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நேராகக் குளியலறைக் கதவைத்தான் பார்த்தாள்.

"இதை யாரு செஞ்சது?"

"நான்தான்," என்றார் வெண்டல், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"குடிச்சிருந்தியா?"

அந்தக் கேள்வியைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் அதே சனிக்கிழமை மத்தியானம் ஆம்ப்ரோஸ் கிளெக்கின் இழைப்புளி வந்துவிட்டது. கிளெக் வெர்மான்டில் ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறார். மாதத்துக்கு ஆறு செய்வார். போன் எடுக்கமாட்டார், கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், கையெழுத்து பிடிக்கவில்லையென்றால் பதில் வராது. மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். சங்கத்தில் பலருக்குத் தங்கள் பேரக்குழந்தைகளின் பிறந்தநாள் தெரியாது, ஆனால் கிளெக்கின் நாய் பெயர் தெரியும். வெண்டல் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தார். வெண்கலமும் எஃகும் கருங்காலியும் சேர்ந்து, தொட்டால் குளிரும் ஓர் அழகு. அதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது உண்மை. மகள் கல்யாணத்தில் கலங்கவில்லை.

"நாளைக்குச் சங்கத்தை வரச் சொல்லியிருக்கேன்," என்றார்.

"அக்கா வந்த மறுநாளேவா?"

"மூணு வருஷம் காத்திருந்தேன் மார்லிஸ்."

ஞாயிறு சர்ச் முடிந்து மத்தியானம் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக உட்கார்ந்து வளர்ந்த உடம்பு. ஆளுக்கொரு தோல் பெட்டியில் தங்களுடைய சிறந்த இழைப்புளிகளையும் கொண்டுவந்திருந்தார்கள். கிளெக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா. பன்றிக்கறி ரொட்டியும் காபியும் மாடிக்குப் போயின. அனைவரும் புதிய மேசையைச் சுற்றி, முழங்கையோடு முழங்கை இடிக்க, நின்றார்கள்.

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, நம்ம வாழ்நாள்ல ஒரு கிளெக் முதல் சீவல் எடுக்கிறதைப் பாக்கப் போறோம்."

"கட்டை என்ன மரம்?" என்றார் ஒருவர்.

"சர்க்கரை பைன். ஓரிகான்லேர்ந்து வந்தது."

"கிளெக் இதைப் பைன்ல போடச் சொல்வாரா?"

இதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை. கடைசியில் வெண்டல் தள்ளினார். சீவல் எழுந்து வந்தது. பதினொரு பேரும் மேசைமேல் குனிந்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள், மூச்சுவிட்டால் அது பறந்துவிடும். அந்த நிசப்தத்தில் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அடியே மார்லிஸ், கதவு திறக்கல."

வெண்டல் சீவலை ஹார்லன் கையில் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினார். மார்லிஸ் கைப்பிடியைத் திருகித் தள்ளிக்கொண்டிருந்தாள். நேற்றுத் தெரிந்த சந்து காணவில்லை. நிலை கதவின் தலையைக் கவ்விக்கொண்டிருந்தது.

"அக்கா, தாழ்ப்பாளை எடுத்தியா?"

"எடுத்தாச்சு. அஞ்சு நிமிஷமா இழுக்கறேன். என் இடுப்புல பாதி பிளாஸ்டிக்டி, எவ்வளவு இழுக்கறது? அதுசரி, என் தலைக்கு மேல யாரு மாடு மேய்க்கிறது?"

"வெண்டலோட கூட்டாளிங்க."

"அவங்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லேன். இத்தனை ஆம்பளைங்க இருந்து என்னத்துக்கு?"

வெண்டல் கதவைத் தள்ளிப் பார்த்தார். தோளால் இடித்தார். அசையவில்லை. மேல்விளிம்பில் ஓர் உளியை நுழைத்து நெம்பினால் போதும் என்று தோன்றியது. மாடிக்கு ஓடினார்.

"ஒரு உளி வேணும். அகலமா. சீக்கிரம்."

"உன்கிட்ட நூறு இருக்கே," என்றார் ஒருவர்.

உண்மைதான். வெண்டல் மாடங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் செய்தவர் முகம் ஞாபகம் வந்தது. "பெயின்ட் அடிச்ச கதவு," என்றார் தயங்கி. "உங்கள்ல யாராவது..."

பத்துப் பேரும் தங்கள் பெட்டிகளை மெதுவாகத் தங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள்.

"முதல்ல கதவைப் புரிஞ்சுக்கணும்," என்றார் ஹார்லன். "ஈரக்காத்தா? நார் எந்தப் பக்கம் ஓடுது? தெரியாம உளியை வைக்கிறது கொலைக்குச் சமம்."

"நெம்பணும்னா இருபத்தஞ்சு டிகிரி முனை வேணும்," என்றார் ஒருவர்.

"முப்பது."

"முப்பதுல நெம்பினா மரம் கிழியும். கிளெக்கே எழுதியிருக்கார்."

"கிளெக் அதை ஓக் மரத்துக்குச் சொன்னார்."

வெண்டல் நடுவில் நின்று தவித்தார். ஒருவரும் படியிறங்கவில்லை. எல்லாக் கருவியும் மேலேதான் இருந்தது, ஆகவே எல்லா யோசனையும் மேலேதான் நடக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ஓடியது. ஒருவர் காபி கேட்டார். கீழே வெர்னா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பேருந்தில் பையன்களைத் திட்டக் கற்றுக்கொண்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வெண்டல் மறுபடியும் கீழே வந்தபோது மார்லிஸ் போனை வைத்துக்கொண்டிருந்தாள்.

"டுவெய்ன் வர்றான்."

"மார்லிஸ், இன்னும் பத்து நிமிஷம் குடு."

"பத்து நிமிஷத்துல அந்தப் பத்துப் பேரும் ஒரு முடிவுக்கு வருவாங்களா?"

அவர் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார்.

"இப்பவே சொல்லிடறேன் வெண்டல். நான் அநியாயக்காரி இல்ல. டுவெய்ன் பாத்துட்டு, கதவு சரியில்ல, மரம் சரியில்லன்னு சொன்னா, உன் சாமானை நான் தொடவே மாட்டேன். சாகறவரைக்கும் வச்சுக்க. ஆனா இது உன் வேலையால வந்த வினைன்னு அவன் சொன்னா, நாளைக்குக் காலையில சர்ச் வண்டி வரும். சரியா?"

வெண்டல் யோசித்தார். தன் இழைப்பில் தப்பே இருக்க முடியாது. விளிம்பு கண்ணாடி மாதிரி இருந்தது, தடவிப் பார்த்தவர் அவர். டுவெய்ன் எவ்வளவு முரடனாக இருந்தாலும் கண் இருக்குமே.

"சரி," என்றார்.

டுவெய்ன் ஏரியிலிருந்து நேராக வந்தான். மீன்பிடிக் காலம் ஆரம்பித்த முதல் வாரக்கடைசி அது, அவன் மேல் மீன் வாடை அடித்தது. கையில் ஒரு பழைய ரசமட்டமும் முனை மழுங்கின திருப்புளியும். அந்தத் திருப்புளியைப் பார்த்து வெண்டல் கண்ணை மூடித் திறந்தார்.

"உள்ள யாரு?" என்றான் டுவெய்ன்.

"நான்தான்டா, வெர்னா. ஏழாங்கிளாஸ்ல பஸ்ஸுக்குள்ள பட்டாசு வெடிச்சியே, உன்னை நடுரோட்ல இறக்கிவிட்டேனே."

"ஞாபகம் இருக்கும்மா. கொஞ்சம் பொறுங்க."

அவன் கதவைத் தள்ளவில்லை. கீல்களைப் பார்த்தான். முழந்தாளிட்டுக் கீழ்விளிம்பைப் பார்த்தான். பிறகு மார்லிஸ் கொடுத்த ஸ்டூலில் ஏறி, மேல்விளிம்பு கொஞ்சம் வெளியே தெரிந்த இடத்தில் கட்டைவிரலால் தடவினான்.

"இதை யாரு இழைச்சது?"

"நான்," என்றார் வெண்டல்.

"சுத்தமா இழைச்சிருக்கீங்க சார். என் மெஷின்ல இப்படி வராது."

வெண்டலுக்கு ஆறு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. மார்லிஸைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, தோற்றவள் முகத்தோடு சுவரில் சாய்ந்தாள். மாடியில் இருபத்தைந்தா முப்பதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, யாரோ அழுத்தி நடந்தார்கள்.

"கேட்டியா மார்லிஸ்?" என்றார் வெண்டல். "அப்ப மரந்தான் சரியில்ல. அப்படித்தானே டுவெய்ன்? இந்தக் காலத்துக் கதவு, மட்டமான மரம். சொல்லு, நீயே சொல்லு."

டுவெய்ன் ரசமட்டத்தை நிலையின் தலைக்கட்டையில் வைத்தான். குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. அதைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி உட்கூரையைப் பார்த்தான், அதில் ஒரு நீளமான விரிசல் ஓடியிருந்தது.

"கதவுல ஒரு குத்தமும் இல்ல, மேல உத்திரம் தொய்ஞ்சு வந்து நிலையைப் போட்டு அமுக்குது," என்றான் டுவெய்ன். "இந்தக் குளியலறைக்கு நேர் மேல, மாடியில அப்படி என்ன கனத்தை ஏத்தி வச்சிருக்கீங்க?"